புது ரிங்குக்கு வேண்டியது லோடு

இன்ஜின் வேலை முடிந்து லாரி பட்டறையை விட்டு இறங்கும்போது ஓனருக்கு எப்போதும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். "ஆயிரம் கிலோமீட்டருக்கு எம்ப்டியா ஓட்டுங்க, நாப்பதைத் தாண்ட வேண்டாம், ரேஸ் கொடுக்காதீங்க." நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். அக்கறையோடு சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த வண்டிகளில்தான் மூன்றாம் மாதம் ப்ரீதர் குழாய் (இன்ஜினின் அடிப்பகுதி மூச்சு விடும் குழாய்) புகை கக்குகிறது, டிப்ஸ்டிக்கில் வாரம் ஒரு லிட்டர் குறைகிறது. ஓனர், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கைச் செய்த கம்பெனியைத் திட்டுவார், மெக்கானிக், சிலிண்டரைக் குடைந்து கொடுத்த ரீபோர் கடையைத் திட்டுவார், ரீபோர் கடைக்காரர் டிரைவரைக் கைகாட்டுவார். பல நேரம் இந்த மூவர் பேரிலும் குற்றம் இருக்காது. அந்த அறிவுரைதான் இன்ஜினைக் கெடுத்திருக்கும்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போனால் யாரும் ஏற்கப் போவதில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட இன்ஜினை வைத்தே பேசுகிறேன். டாடா 1613, 2515 வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி: ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120. இதில் லைனர், அதாவது தனியாகக் கழற்றி மாட்டும் சிலிண்டர் உறை, கிடையாது. பிளாக்கையே குடைந்த போர். தேய்ந்தால் 0.50 அல்லது 1.00 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போர் அடித்துத்தான் மீட்க வேண்டும். ஆகவே ஒருமுறை தவறவிட்டால் அடுத்த முறைக்கு மிச்சமிருக்கும் இரும்பு குறைவு. லைனர் மாற்றிக்கொள்ளும் இன்ஜின்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும். அங்கே தவறின் விலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சுவரும் ரிங்கும்

ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் தேய்க்கும் வேலை, முடிந்த சிலிண்டரைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். பிளாக்கின் மேல்தளத்தோடு 15 முதல் 25 டிகிரி சாய்வில் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக வேண்டும். கோட்டின் பள்ளம் ஆயிலைப் பிடித்து வைக்கும். கோட்டுக்குக் கோடு நடுவே இருக்கும் கூர்முனைகள் முதல் சில மணி நேர ஓட்டத்தில் ரிங்கோடு உரசி மழுங்கும். அப்படி மழுங்கும்போது ரிங்கின் முகமும் சுவரின் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். ரிங் 'செட்' ஆவது என்பது இதுதான். கூர்முனைகள் இருக்கும் வரைதான் இது நடக்கும். அவை தேய்ந்த பிறகோ, மேலே ஏதாவது படிந்து மூடிய பிறகோ, என்ன செய்தாலும் நடக்காது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? ரிங்கின் சொந்த விறைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கையால் அமுக்கினாலே சுருங்கும் வளையம் அது, அதன் விறைப்பு அற்பம். உண்மையான அழுத்தம் எரியும் டீசலிலிருந்து வருகிறது. சிலிண்டரில் உண்டாகும் வாயு அழுத்தம் டாப் ரிங்குக்கு மேலே இருக்கும் இடுக்கில் இறங்கி, ரிங்கின் முதுகுப்பக்கம் போய், அதை வெளியே தள்ளிச் சுவரோடு அமுக்குகிறது. டீசல் அதிகம் எரிந்தால் அழுத்தம் அதிகம். லோடு இல்லாமல் சமதளத்தில் நாற்பதில் போகும் லாரி எவ்வளவு டீசல் எரிக்கும்? துளிதான். ரிங் சுவரை லேசாகத் தடவிக்கொண்டு போகும். கீழிருந்து தெறிக்கும் ஆயிலை முழுக்க வழித்தெடுக்காது. மேலிருந்து கொஞ்சம் வாயு கசிந்து இறங்கும். சுவரில் தங்கிய மெல்லிய ஆயில் படலம் அந்தச் சூட்டில் வெந்து வார்னிஷ் போல இறுகும். கோடுகளின் பள்ளம் அந்த வார்னிஷால் நிரம்பும். சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு தடித்துவிட்டால் அந்தச் சிலிண்டரில் ரிங் இனி எந்தக் காலத்திலும் செட் ஆகாது. கிளேஸ் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

ஜெனரேட்டர் பராமரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய டீசல் செட்டை நாள்கணக்கில் லோடே இல்லாமல் ஓட்டினால் சைலன்சரில் கறுப்பாக ஈரம் வழியும், ஆயில் செலவு ஏறும். அதே இயற்கை விதிதான் லாரிக்கும். லாரிப் பட்டறையில் மட்டும் ஏனோ இதை யாரும் பேசுவதில்லை.

பழைய அறிவுரை முழுப் பொய்யும் அல்ல. புது பேரிங்குகள், கேம் ஷாஃப்ட், டேப்பட், கியர்கள் இவற்றுக்கெல்லாம் முதலில் அதிக வேகம் ஆகாது. பிஸ்டனும் போரும் ஒன்றுக்கொன்று பழகாத நேரத்தில் தொடர்ந்து உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெரியவர்கள் வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி. பிழை நேர்ந்தது வேகத்தையும் லோடையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய இடத்தில். 1600 ஆர்பிஎம்மில் ஐந்து டன் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் இன்ஜினில் வேகம் குறைவு, லோடு அதிகம். 2500 ஆர்பிஎம்மில் வெறும் வண்டியாக ரேஸ் கொடுத்து நிற்கும் இன்ஜினில் வேகம் அதிகம், லோடு பூஜ்யம். பேரிங்குக்கு முன்னது நல்லது, ரிங்குக்கும் முன்னதே நல்லது. பின்னது இரண்டுக்கும் கேடு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

ஹோனிங் கல் விட்டுப்போகும் தூளை டீசலாலோ பெட்ரோலாலோ கழுவ முடியாது. டீசல் அந்தத் தூளைக் கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். சுடுதண்ணீரில் துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிக் காய்ந்ததும் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுச் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். வெள்ளையாகவே வரும் வரை விடக்கூடாது. பிறகு அந்த நிமிடமே ஆயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் துரு பிடித்துவிடும். இதைச் செய்யாமல் கட்டிய இன்ஜினை எப்படி ஓட்டினாலும் பயன் இல்லை. உள்ளே தேய்ப்புத்தாளை வைத்து மூடியதற்குச் சமம்.

அடுத்தது, என் கணிப்பில் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவது ஆயில் கூலர். முந்தைய முறை பேரிங் போய் இன்ஜின் இறங்கியிருந்தால், அந்தப் பேரிங்கின் பொடி முழுதும் கூலரின் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், புது பம்ப் என்று எல்லாம் செய்துவிட்டுப் பழைய கூலரை அப்படியே மாட்டினால், முதல் ஆயிரம் கிலோமீட்டரில் அந்தப் பொடி கரைந்து இறங்கும். பில்டர் அடைத்து பைபாஸ் வால்வு திறந்த நொடியில் நேராகப் புது பேரிங்குக்கே போகும். "புது பேரிங் ரெண்டாயிரத்துலயே போயிருச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கூலர்தான் இருக்கிறது. மாற்றிவிடுவதே நல்லது. டர்போ உடைந்து ஆயில் அடித்த வண்டியானால் இன்டர்கூலரையும் ஏர் ஹோஸ்களையும் இதே காரணத்துக்காகக் கழற்றிக் கழுவ வேண்டும்.

கட்டும்போது 6பிடிக்கு ஞாபகத்தில் இருக்க வேண்டிய அளவுகள் சில உண்டு. டாப் ரிங்கின் வாய் இடைவெளி (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடம்) 0.40 முதல் 0.70 மில்லிமீட்டர். செகண்ட் ரிங், ஆயில் ரிங் இரண்டுக்கும் 0.25 முதல் 0.55. மூன்று வாய்களும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். கனெக்டிங் ராடு போல்ட் 35, 70, 100 நியூட்டன் மீட்டர் என மூன்று படியில். மெயின் போல்ட் 60, 119, 176. ஹெட் போல்ட் எல்லாம் 90, நீளமானவை மட்டும் 120, கடைசியில் எல்லாவற்றையும் 90 டிகிரி திருப்பு. டேப்பட் இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் வால்வுக்கு 0.25, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.51 மில்லிமீட்டர். டீசலைத் தெளிக்கும் நாசிலை உட்கார வைக்கும் முன் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காப்பர் வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வாஷர் ஏறினால், நாசில் தன் இடத்துக்கு மேலே நின்று தெளிப்பின் கோணமே மாறிவிடும். டைமிங் கேஸைப் பிளாக்கோடு இருத்தும் சின்ன டவல் பின் அதிர்வில் மெல்ல வெளியே நகர்ந்து கியருக்குள் விழுவது இந்த இன்ஜினின் பிறவிக் கோளாறு. முன்பக்கம் திறந்திருக்கும்போதே அதன் வாயை மறைத்து ஒரு தகட்டுத் துண்டைப் பக்கத்துப் போல்ட்டோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள்.

ஆயில் மினரல் 15டபிள்யூ-40, சிஎச்-4 அல்லது சிஐ-4 தரம் போதும். சிந்தெடிக் இப்போது வேண்டாம். உராய்வைக் குறைக்கும் எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம். இப்போது நமக்கு அளவான உராய்வுதான் தேவை. பில்டரை ஆயிலால் நிரப்பி மாட்டுங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி ஐம்பது அறுபது மில்லி சுத்தமான ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றுங்கள். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. கேஜில் ஆயில் பிரஷர் தெரிந்த பிறகே டீசலைத் திறக்க வேண்டும்.

டீசல் லைனில் ஏர் எடுப்பது முக்கியம். ஹேண்ட் பிரைமரை அடித்து முதலில் பில்டரில், பிறகு பம்பில், கடைசியாக நாசில் யூனியன் நட்டுகளில் குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். இதை அரைகுறையாகச் செய்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாத புது இன்ஜினைப் பத்து நிமிடம் செல்ஃப் அடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. எரியாத டீசல் சுவரில் பூசிய ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங் வறண்ட இரும்பில் உரசும்.

முதல் இருபது நிமிடமும் முதல் நூறு கிலோமீட்டரும்

இன்ஜின் பிடித்ததும் முதலில் ஆயில் கேஜைப் பாருங்கள். பதினைந்து விநாடிக்குள் முள் எழும்பாவிட்டால் அணைத்துவிட வேண்டும். ஐட்லிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. 1000 முதல் 1200 ஆர்பிஎம்மில் வைத்திருங்கள். கேமுக்கும் டேப்பட்டுக்கும் தெறிக்கும் ஆயில் கிடைப்பது அந்த வேகத்தில்தான். அந்தச் சில நிமிடத்தில் டீசல், ஆயில், தண்ணீர் எங்காவது கசிகிறதா என்று சுற்றிப் பார்த்துவிடலாம். ரேடியேட்டரில் தண்ணீரை ஸ்டார்ட் செய்யும் முன்பே மெல்ல ஊற்றியிருக்க வேண்டும், அவசரப்பட்டால் ஹெட்டுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்து சூடு ஏறத் தொடங்கியதும் ரோட்டுக்குப் போய்விட வேண்டும். பட்டறை வாசலில் நாள் முழுக்க ஐட்லிங்கில் ஓடவிட்டு 'பழக்கும்' வழக்கம்தான் மேலே சொன்ன வார்னிஷுக்கு முதல் பூச்சு.

பத்து டன் ஏற்றும் வண்டியானால் ஐந்து ஆறு டன் ஏற்றிக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கத்து வண்டிக்குக் கடவுளே ஒரு ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். சேலம் வரை சமதளம், அதைத் தாண்டி தர்மபுரியை நோக்கித் தொப்பூர் கணவாய் ஏற்றம். சமதளத்தில் மேல் கியரில் 1300 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முக்கால்வாசி அமுக்கி 2000 வரை இழுக்கவிடுங்கள், பிறகு காலை எடுத்து வண்டி தானாகத் தணியட்டும். இப்படிப் பதினைந்து இருபது முறை. காலை எடுக்கும்போது சிலிண்டரில் வாக்குவம் உண்டாகி ஆயிலை உறிஞ்சும், அதனால்தான் ரிங் செட் ஆகிறது என்று சிலர் விளக்குவார்கள். அது பெட்ரோல் இன்ஜினின் கதை. இந்த டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் தட்டு கிடையாது. இங்கே காலை எடுப்பது சூடு தணியத்தான். வேலை நடப்பது இழுக்கும்போது.

ஏற்றத்தில் ஒரு எச்சரிக்கை. கியர் குறைக்கச் சோம்பல்பட்டு 1200க்குக் கீழே முக்கிக்கொண்டு ஏறவிடக் கூடாது. அங்கே லோடு உச்சத்தில் இருக்கும், ஆயில் படலம் மெலிந்திருக்கும், பிஸ்டன் பக்கவாட்டில் சுவரை நசுக்கும். ஒரு கியர் குறைத்து 1600 – 1900க்குள் வைத்து நிதானமாக ஏறுங்கள். தண்ணீர் சூட்டையும் ஆயில் பிரஷரையும் கண் விட்டு விலக்காதீர்கள். ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காகப் போவதும் வேண்டாம். ஏற்றம் முடிந்து நிறுத்தினால் டர்போவுக்காக மூன்று நிமிடம் ஐட்லிங், அதற்கு மேல் தேவையில்லை. அடுத்த நாளிலிருந்து வழக்கமான லோடை ஏற்றலாம். ஓவர்லோடு மட்டும் முதல் மூவாயிரம் கிலோமீட்டருக்குத் தொடக்கூடாது.

இதில் தெர்மோஸ்டாட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி வீசுவது இங்கே கிட்டத்தட்ட சம்பிரதாயம். 83 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டிய அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. குளிர்ந்த சுவரில் டீசல் சரியாக எரியாமல் ஒழுகி ஆயிலைக் கெடுக்கும், ரிங் செட் ஆக வேண்டிய சூடும் கிடைக்காது. இதற்கு நேர்மாறான கோளாறும் வரும். பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாதபோது தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும். அதனால் ஏற்றத்தில் சூடு கூடவே செய்யும். ஐந்நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்து லட்ச ரூபாய் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஆயில் ஐந்நூறிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும், பில்டரோடு சேர்த்து. கழற்றிய பில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத்தாளை அறுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிற மினுமினுப்பு ரிங்கும் போரும் பழகியதன் எச்சம், கவலை இல்லை. காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் கியரையோ கேமையோ காட்டுகின்றன. செம்பு நிறச் செதில் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிப்பூச்சு தேய்கிறது என்று பொருள். சம்ப்பை (ஆயில் தேங்கும் அடித்தொட்டியை) திறந்து பார்க்காமல் வண்டியை லோடுக்கு அனுப்பக் கூடாது. அதே நாளில் இன்ஜின் ஆறியதும் டேப்பட்டை மறுபடி வைத்துவிடுங்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது

புகையின் நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்றால் எரியாத டீசல், டீசல் பாயும் டைமிங் பின்தங்கியிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், தண்ணீரும் குறைந்தால் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகியுங்கள். கறுப்பு என்றால் காற்றுப் பற்றாக்குறை. டீசல் பம்ப் பார்க்கும் பம்ப் ரூமுக்கு ஓடும் முன் ஏர் பில்டரையும், டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிளாம்ப்பையும் பாருங்கள். பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள கிளாம்ப் தளர்ந்திருந்தால் அது புகையோடு போகாது. ரோட்டுத் தூசி நேரே உள்ளே போய் டாப் ரிங்கைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாததுபோல் குலுங்கினால் நாசில் யூனியன் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் சிக்கல். துணியைச் சுற்றிவிட்டுச் செய்ய வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் போனால் உடனே ஆஸ்பத்திரிதான். ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் சம்ப்பை இறக்கும் முன் தனி மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். டாஷ்போர்டு முள் பல நேரம் பொய் சொல்லும். 6பிடிக்கு ஐட்லிங்கில் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ, முழு வேகத்தில் 2.1 கிலோ என்பது கடைசி வரம்பு. புதிதாகக் கட்டியது இதைவிட நன்றாக மேலே நிற்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். நாசிலுக்கு டீசல் அனுப்பும் இன்லைன் பம்ப் இன்ஜின் ஆயிலிலேயே ஓடுவதால், அதன் எலிமென்ட்டோ ஃபீட் பம்போ கசிந்தால் டீசல் சத்தமில்லாமல் சம்ப்புக்கு வந்து சேரும். ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் ஆயில் கூலரைப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.

பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு ப்ரீதரில் வெளிவருவதுதான், எல்லோரையும் பயமுறுத்துவது. புது இன்ஜினில் ப்ரீதரில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. அளவு குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் கேள்வி. நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதே சூட்டில், அதே ஆர்பிஎம்மில் பார்த்து, ஆயில் ஊற்றிய அளவோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே வந்தால் ரிங் செட் ஆகிறது, பொறுமையாக இருக்கலாம். ஆயில் செலவு நிலைப்பட மூவாயிரம், சில வண்டிகளுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் கூட ஆகும். இரண்டாயிரம் ஆகியும் முதல் நாள் இருந்ததுபோலவே இருந்தால், முதலில் ஏர் பில்டர் பக்கத்தையும் டர்போ சீலையும் சரிபாருங்கள். டர்போ கசிவும் ப்ரீதர் புகையைக் கூட்டும். அவை சரியாக இருந்து, வண்டி இதுவரை எம்ப்டியாகவே ஓடியிருந்தால், புது மினரல் ஆயில் மாற்றி, முழு லோடோடு ஏற்றத்தில் இரண்டு மூன்று நடை அனுப்பிப் பார்க்கலாம். படலம் மெலிதாக இருக்கும் கட்டத்தில் இது சில இன்ஜின்களைக் காப்பாற்றும். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை உருவி, சுவரை மறுபடி ஹோன் செய்து, புது ரிங் போட வேண்டும். போரின் அளவு வரம்புக்குள் இருந்தால் பிஸ்டன் மாற்றத் தேவையில்லை. பழைய ரிங்கையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இந்த முறை வண்டி பட்டறையை விட்டு இறங்கும்போது பின்னால் ஐந்து டன் ஏற்றியிருக்கட்டும்.